அவர் செஃப், இவ அம்மாச்சி

2024இல் வெங்கடேஷ் பட் 'குக் வித் கோமாளி'யை விட்டுப் போக, எங்கட வட்சப் குரூப்புகளில் ஒரே சண்டை: புதுசா வாற மாதம்பட்டி ரங்கராஜ் சரிவருவாரா?

அவற்ற வளர்ச்சியைக் குறைச்சுச் சொல்ல நாங்கள் வரேல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்தில கலியாணச் சமையல் செய்யிற குடும்பம். 2019இல் 'மெஹந்தி சர்க்கஸ்' கதாநாயகன். ஐந்து வருசத்தில் விஜய் டிவி நடுவர். இப்ப ஊர்ப்பேரே பிராண்ட்.

எங்கட கேள்வி அந்தக் கதிரையைப் பற்றியது. முதல் ஐந்து சீசன்களில் நாலை வென்றது பெண்கள்: வனிதா, கனி, ஷ்ருதிகா, பிரியங்கா. நிரந்தர நடுவர்களோ தாமு, பட், பட்டுக்குப் பிறகு ரங்கராஜ். 2025இல் கதிரை மூன்றாகியும் அதில் இருந்தது கௌஷிக். சமைச்சு வெல்லப் பெண் வேணும், தீர்ப்புச் சொல்ல வேண்டாமா?

'சும்மா பகிடி நிகழ்ச்சிதானே' எண்டுவியள். அந்தப் பகிடிக்குள்ளாலதான் 'செஃப்' எண்டால் ஆர் எண்டு பழகுறம். கிளிநொச்சி, வவுனியா 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்கள் எங்கட கண்ணுக்கு முன்னால தோசை சுட்டு, குரக்கன் புட்டு அவிச்சு, அந்த உழைப்பில வீட்டைக் கொண்டு நடத்துகினம். அவையை நாங்கள் ஒருநாளாவது செஃப் எண்டு கூப்பிட்டிருக்கிறமா? ஆம்பிளை சமைச்சால் தொழில், திறமை. பெண் சமைச்சால் 'அம்மாவின்ர கைப்பக்குவம்'. உறவுப்பேர் சொல்லிக் கூப்பிட்டால் பட்டம் குடுக்கத் தேவையில்லைத்தானே!

பட்டா ரங்கராஜா எண்டு இனியும் அடிபடாமல், அந்தக் கதிரைக்கு ஒரு பெண்ணின்ர பேரைச் சொல்லுவம். பேர் ஒண்டும் வாயில வரேல்லையெண்டால், அதுதான் நாங்கள் சொல்லுற பிரச்சினை.