அசிட்டோன் பண்டிதர்களுக்கு

நூற்றாண்டு மலர், நினைவு மலர், தொகைநூல் என்று எழுத்தாளர்களின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பரண் ஏறுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மனமார வரவேற்கிறோம். ஆனால் பரணிலிருந்து இறங்கிய மறுநிமிடமே அந்தப் படங்களுக்கு நேரும் கதியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்லியாக வேண்டும். சானிட்டைசர், நகப்பூச்சு நீக்கி, பெயின்ட் தின்னர் ஆகியவற்றில் எது கைக்கு அகப்படுகிறதோ அதைப் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பதற்கு 'மீட்பு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கரையான்கூட ஓரத்திலிருந்துதான் தொடங்கும். இவர்கள் நேராக முகத்தில் தொடங்குகிறார்கள்.

பழைய கருப்பு வெள்ளைப் படம் காகிதத்தில் ஏறிய மை அன்று. ஜெலட்டின் என்னும் மெல்லிய படலத்துக்குள் புதைந்திருக்கும் வெள்ளித் துகள்களே உருவம். ஜெலட்டின் தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதி இளகிய நேரத்தில் பஞ்சு பட்டால் உருவத்தோடு உரிந்து வரும். நீரற்ற ஆல்கஹாலில் அது கரைவதில்லை. சூட்சுமம் இவ்வளவுதான். ஆனால் கடையில் ஆல்கஹால் என்று கிடைப்பதில் பலவும் 70 சதவீதம்தான், மீதி தண்ணீர். சானிட்டைசரில் தண்ணீரோடு கிளிசரினும் சேர்ந்து பிசுபிசுப்பை விட்டுப்போகும். பூஞ்சை பிடித்த நெகடிவின் நிலை இன்னும் மோசம். பூஞ்சை ஜெலட்டினைத் தின்று, தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருளாகவே ஆக்கிவிட்டிருக்கும். ஈரத்துணி ஒருமுறை பட்டால் போதும்.

அசிட்டோன் காகிதப் பிரிண்டை உடனடியாக ஒன்றும் செய்யாமல் விடக்கூடும். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு நெகடிவின்மேல் பாய்கிறார்கள். 1950களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் பிலிமும் சரி, அதன் இடத்தைப் பிடித்த அசிட்டேட் பிலிமும் சரி, அசிட்டோனில் இளகிக் கரைபவை. நைட்ரேட் எளிதில் தீப்பற்றுவதும்கூட. பழைய கையேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு கார்பன் டெட்ராகுளோரைடைப் பரிந்துரைக்கும் அன்பர்களும் உண்டு. கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது. ஓசோன் படலத்தையும் சிதைப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கை அதன் இத்தகைய பயன்பாடுகளை நிறுத்தியது.

இன்னொன்று, இவர்கள் கறை என்று எண்ணுவதில் பாதி கறையே அன்று. படத்தின் கரிய பகுதிகளில் நீலம் கலந்து மின்னும் பளபளப்பு, மேற்பரப்புக்கு வந்துவிட்ட வெள்ளி. அதைத் தேய்ப்பது உருவத்தையே தேய்ப்பது. சரியாகக் கழுவப்படாத பிரிண்டின் மஞ்சளோ ஹைப்போவின் மிச்சம் செய்த வேலை. எந்தக் கரைப்பானுக்கும் அது மசியாது. ஸ்டுடியோக்காரர் தூரிகையால் தீட்டிய கன்னச் சிவப்பும் பின்புறத்து ரப்பர் முத்திரையும் பேனா மையும் மட்டும் உடனே மசியும். ஒரு குரூப் போட்டோவின் பின்புறத்தில் நின்றவர், அமர்ந்தவர் பெயர்களெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்து, தின்னர் பட்டு நீலத் தீற்றலாக முடிந்ததைப் பார்த்திருக்கிறோம். முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. அதில் யார் யார் என்றுதான் இனி யாராலும் சொல்ல முடியாது.

பாரதி 1921இல் மறைந்தார். அவருடைய புகைப்படங்களாக நமக்குக் கிடைப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றின் மூலப்பிரதி இந்தப் பண்டிதர்களிடம் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"கறையோடு எப்படி அச்சிடுவது?" என்று கேட்கிறார்கள். கறையோடு ஸ்கேன் செய்யுங்கள், பின்புறத்தையும் சேர்த்து. கறையைப் பிரதியில் நீக்குங்கள். அங்கே தவறினால் திரும்பிப் போக வழியுண்டு. மூலத்தைத் தொட்டே தீரவேண்டுமென்றால், முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். விரல்ரேகை, செலோடேப் பசை போன்றவற்றுக்கு மட்டும், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை, உருவமில்லாத ஓரத்தில் ஒரு துளி சோதித்த பிறகு, பஞ்சை உருட்டி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. கை வண்ணம் பூசிய படங்களும் இன்க்ஜெட் பிரிண்ட்டுகளும் இதற்கும் விலக்கு. நைட்ரேட்டோ என்ற ஐயம் எழும் நெகடிவையும் தொட வேண்டாம்.

பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்கள். பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.