எது அருகில்?

ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். திருச்சி ஏறக்குறைய 140. ஆனாலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் பிழைக்கப் போகிறவர்களுக்குத் திருச்சிதான் அருகில். வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் அதிகம். தமிழக அரசின் 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்த ராமேஸ்வரம் விமான நிலையம் வந்தால் போதாதா என்பார்கள். யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் அது அவசியம் வேண்டும்; துபாய் விமானம் அங்கே இறங்க வெகுகாலம் ஆகும். அதுவரை? ராமேஸ்வரம்–திருச்சிப் பேருந்துகள் ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை, காரைக்குடி வழியாகப் போய், திருச்சி விமான நிலையம் அமைந்த அதே புதுக்கோட்டைச் சாலையில்தான் நகருக்குள் நுழைகின்றன. விமான நிலையத்துக்குத் தனிப் பேருந்து விட்டால் நஷ்டம் என்ற வாதம் இங்கே எடுபடாது. ஓடுகிற வண்டிகளிலேயே சிலவற்றை, நள்ளிரவு விமானங்களுக்கு ஏற்ற நேரத்தில், முனைய வாசல்வரை திருப்பிவிட்டால் போதும். வாடகைக் காருக்காகக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு அந்தப் பணம் மிஞ்சும்.