இருந்தவனை இல்லாதவனாக்கிய புத்தகம்

இரண்டாம் உலகப் போரின் ஆகச்சிறந்த நாவலை எழுதியவர் நாவலாசிரியர் அல்லர், பிரிட்டிஷ் கடற்படை உளவு அதிகாரி ஒருவரே என்று இலக்கிய நண்பர்கள் சிலர் சிலாகிப்பதுண்டு. அவர்கள் குறிப்பிடுவது யூவன் மாண்டேகுவையும் அவர் 1943-இல் நடத்திய ‘மின்ஸ்மீட்’ நடவடிக்கையையும். புனைவு போரையே வென்ற தருணம் அது என்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்தில் நமக்கு உடன்பாடில்லை.

கடல்வழித் தரையிறக்கத்துக்குத் துணைநிற்கும் உளவு அதிகாரிக்கு இரண்டு வேலைகள். இறங்கப்போகும் கரையை அறிவது ஒன்று. எதிரியின் கண்ணை வேறொரு கரைக்குத் திருப்புவது மற்றொன்று. முதல் வேலைக்காக 1943-இன் தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து இரவில் இறங்கிச் சிசிலியின் கரைகளை நோக்கிச் சென்றவர்கள் உண்டு. மணல்திட்டு எங்கே, ஆழம் எவ்வளவு என்று அளக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றி நம் நண்பர்கள் வாய் திறப்பதில்லை. ஆழம் அளப்பதில் கதை இல்லை போலும்.

இரண்டாவது வேலையில் கதை உண்டு. போலிக் கடிதங்களோடு ஒரு பிணத்தை எதிரியின் கைக்கு எட்டும் கரையில் ஒதுங்கவைப்பது என்ற யோசனையே பேசில் தாம்சனின் துப்பறியும் நாவல் ஒன்றிலிருந்து வந்தது. 1939-இல் கடற்படை உளவுத்துறைத் தலைவர் காட்ஃப்ரியின் பெயரில் சுற்றுக்கு வந்த குறிப்பில் அது இடம்பெற்றது. அப்போது காட்ஃப்ரியின் உதவியாளர் இயன் ஃப்ளெமிங். வழக்கறிஞரான மாண்டேகுவும் விமானப்படை அதிகாரி சார்லஸ் சம்லியும் அதைச் செயலாக்கினர். ‘மேஜர் வில்லியம் மார்ட்டின்’ பிறந்தான். காதலியின் கடிதங்கள், அவளது புகைப்படம், மோதிரம் வாங்கிய கடைச்சீட்டு, வங்கியின் கண்டிப்பான கடிதம், நாடகச் சீட்டுகள் என்று அவன் பைகளை நிரப்பினார்கள். பாத்திர வார்ப்பு என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பைகள் எவன் உடலில் தைக்கப்பட்டிருந்தன? அவன் பெயர் கிளின்டூர் மைக்கேல். வேல்ஸின் அபர்பர்கோய்டில் 1909-இல் பிறந்தவன். சுரங்கத் தொழிலாளியின் மகன். தந்தை முன்பே மாண்டார். தாய் 1940-இல் இறந்தார். வீடில்லாமல் லண்டனில் அலைந்தவன், பாஸ்பரஸ் கலந்த எலிப்பாஷாணம் உட்கொண்டு 1943 ஜனவரி 24 அன்று மருத்துவமனையில் இறந்தான். மூன்று மாதங்கள் பிணவறைக் குளிரில் கிடந்தான். பூட்ஸை மாட்டமுடியாதபடி பாதங்கள் உறைந்திருந்தமையால் மின்கணப்பு வைத்து அவற்றை இளக்கினார்கள். ஏப்ரல் 30 விடியலுக்கு முன் ‘செராஃப்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஸ்பெயினின் உவெல்வாவுக்கு அருகே அவனைக் கடலில் விட்டது. கடிதங்கள் ஜெர்மானியரை எட்டின. அவர்கள் கிரேக்கத்தையும் சார்டினியாவையும் பலப்படுத்தினர். ஜூலை 10 அன்று நேசநாடுகள் சுமார் 1,60,000 வீரர்களைக் கொண்ட படையுடன் சிசிலியில் இறங்கின.

இவ்வளவுக்கும் மன்னிப்புண்டு என்றே கொள்வோம். பிழைத்த உயிர்களை எவராலும் எண்ணிச்சொல்ல முடியாவிட்டாலும், பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. உயிருள்ளவர்களைக் காக்க இறந்தவனின் உடலைப் பயன்படுத்தியதை அறமற்றது என்று ஒரே வீச்சில் தள்ள நாம் துணியவில்லை.

நம் வழக்கு 1953-ஐப் பற்றியது. போர் முடிந்து எட்டாண்டுகள் கழித்து மாண்டேகு ‘ஒருபோதும் இருந்திராத மனிதன்’ என்று பொருள்படும் தலைப்பில் தன் நூலை வெளியிட்டார். அதில் இறந்தவன் நிமோனியாவால் இறந்தான் என்றார். உறவினரிடம் அனுமதி பெற்றதாகவும், பெயரை வெளியிடுவதில்லை என்று அவர்களுக்கு வாக்களித்ததாகவும் எழுதினார். எலிப்பாஷாணம் நாகரிகமான நோயாயிற்று. கேட்பாரற்றவனுக்குச் சம்மதம் தரும் குடும்பமும் கிடைத்துவிட்டது. அப்படி ஒரு சம்மதம் பெறப்பட்டதற்குச் சான்றேதும் இல்லை. தலைப்பு மார்ட்டினைத்தான் சுட்டுகிறது, மைக்கேலை அன்று என்று நண்பர்கள் வாதிடக்கூடும். சரி, மைக்கேல் அந்த நூலில் எங்கே இருக்கிறான்? அரசு இரகசியம் அவர் வாயைக் கட்டியிருந்தது என்றும் சொல்லலாம். கட்டப்பட்ட வாய் மௌனமாக இருக்கும். சம்மதத்தை இட்டுக்கட்டிச் சொல்லாது. எதிரியை ஏமாற்றிய அதே கைத்திறனைத் தம் வாசகர்மேலும் செலுத்தினார் அவர். 1956-இல் வந்த திரைப்படத்தில், இத்திட்டத்தைக் குறைகூறும் அதிகாரியாக அவரே சிறுவேடத்தில் தோன்றியதை வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. 1985-இல் சாகும்வரை அவர் அந்தப் பெயரை வெளியிடவில்லை.

பெயரும் பெருமையும் பொறித்து நடுகல் நட்ட மரபைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாம். உவெல்வாவின் கல்லறையில் என்ன பொறித்தார்கள் தெரியுமா? பொய்ப்பெயர், பொய்யான பிறந்தநாள், பொய்யான பெற்றோர். கூடவே நாட்டுக்காகச் சாவது பற்றிய ஹொரேஸின் லத்தீன் வரி. 1996-இல் ஆர்வலர் ஒருவர் ஆவணங்களைத் துழாவி உண்மைப் பெயரைக் கண்டெடுத்தார். 1998-இல் அக்கல்லில், கிளின்டூர் மைக்கேல் மேஜர் வில்லியம் மார்ட்டினாகப் பணியாற்றினார் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வினையைக் கவனியுங்கள். செயப்பாட்டுவினை நிற்கவேண்டிய இடத்தில் அங்கேயும் செய்வினையே நிற்கிறது.