கட்டத்துக்குள் வராத மாமியார்

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். இத்தனை பயிற்சி முகாம் நடத்தினோம், இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை கையேடு அச்சிட்டோம். கூடவே யாரோ குத்துவிளக்கு ஏற்றும் படம். வந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்பது மட்டும் இருக்காது.

அதைக் கேட்கத்தான் ‘தியரி ஆஃப் சேஞ்ச்’ என்ற முறை வந்தது. எதைச் செய்தால் எது நடக்கும், அதிலிருந்து அடுத்தது எப்படி வரும் என்று கட்டமும் அம்புக்குறியுமாக முன்கூட்டியே வரைந்துவைப்பது. இன்று அது நிதி கேட்கும் விண்ணப்பத்தோடு இணைக்கிற இன்னொரு தாள். பணம் வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

எடுத்துப் பார்த்த ஒருவர் ஹோவர்ட் ஒயிட். உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவுக்காக வங்கதேச ஊட்டச்சத்துத் திட்டத்தை ஆராய்ந்தவர். அந்தத் திட்டத்தின் மூலம் நம்மூர்தான். 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு, தாய்க்கு ஆலோசனை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. நல்ல பெயரும் கிடைத்தது. 1995இல் வங்கதேசம் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது.

அங்கே எதிர்பார்த்த பலன் இல்லை. ஏன் என்று பார்க்க ஒயிட் ஒவ்வோர் அம்புக்குறியாகத் தட்டிப் பார்த்தார். தாய்மார்கள் வந்தார்களா? வந்தார்கள். சொன்னதைத் தெரிந்துகொண்டார்களா? பெரும்பாலும் ஆமாம். செய்தார்களா? அங்கேதான் அறுந்தது. சந்தைக்குப் போய் மீனோ பருப்போ வாங்குகிறவர் கணவர். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர் மாமியார். முகாமில் உட்கார்ந்து கேட்ட மருமகளுக்கு இரண்டிலும் பேச்சில்லை. மையத்தில் தந்த உணவும் சில வீடுகளில் கூடுதலாகச் சேராமல், வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிப் போனது.

தமிழ்நாட்டில் மாமியார்களே இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் கடைக்கு யார் போகிறார், அடுப்படியில் யார் சொல் செல்லும் என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கே யாரும் எழுதத் தேவைப்படாத ஒரு கட்டம், அங்கே எழுதாததாலேயே திட்டத்தைக் கவிழ்த்தது. தத்துவப் பேராசிரியர் நான்சி கார்ட்ரைட் 2012இல் ஜெரமி ஹார்டியோடு எழுதிய நூலில் இந்த இரு திட்டங்களையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்.

அடுத்த முறை மாமியாரையும் முகாமுக்குக் கூப்பிட்டுவிடலாம். ஆனால் ஒயிட் கண்ட இன்னொரு காரணம், கையில் காசும் நேரமும் இல்லாமை. கர்ப்பிணி ஓய்வெடுக்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கும் மாமியாருக்கும் மனப்பாடமாகவே இருக்கட்டும். அவித்த நெல்லைக் காயவைத்துக் குத்த, தண்ணீர் தூக்க வேறு ஆள் கிடையாது. இன்னொரு கையேடு அச்சிட்டு ஆகப்போவது எதுவுமில்லை.