நாய்க்குப் பெனடோல் கொடுக்கும் முன்னால் ஒரு தடவை கேளுங்கள்



எங்கள் ஏழாம் தரப் பிள்ளை ஒருவன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனிடம் காய்ச்சலா என்று கேட்டோம். "இல்ல டீச்சர், எங்க நாய் செத்துப் போச்சு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அம்மா பெனடோல் குடுத்தாங்க. அதுக்குப் பொறகுதான் இன்னும் கூடிருச்சு" என்றான்.

அந்த நாயை எங்களுக்கும் தெரியும். விடியற்காலையில் அவன் அப்பா பால் வெட்டப் போகும்போது முன்னால் ஓடுகிற நாய். உடம்பு சுட்டிருக்கிறது, சாப்பிடாமல் இஸ்தோப்பில் சுருண்டு படுத்திருக்கிறது. இரவு இரண்டு வில்லை, காலையில் இரண்டு வில்லை கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் வாந்தி. முகம் வீங்கி, பல் முரசு மண்ணிறமாகி, மூச்சு வாங்கி, மறுநாள் முடிந்துவிட்டது.

அந்தத் தாயை நாங்கள் குறை சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் பெனடோல் என்பதுதான் நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வைத்தியம். பிள்ளைக்குக் கொடுத்ததைத்தான் நாய்க்கும் கொடுத்தார். பாசத்தில் கொடுத்தது விஷமாகிப் போனது.

கணக்காகப் பார்ப்போம். ஒரு வில்லையில் பரசிட்டமோல் 500 மில்லிகிராம். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவர் இரண்டு வில்லை போட்டால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதே இரண்டு வில்லையைப் பத்துக் கிலோ நாய்க்குக் கொடுத்தால் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம், ஐந்து மடங்கு. அந்த அளவில் நாயின் ஈரல் கெடத் தொடங்கலாம். இன்னும் கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். முரசு மண்ணிறமாவது அதனால்தான். பூனைக்கு ஒரே ஒரு வில்லையே உயிரை எடுத்துவிடும். மிருக வைத்தியர் சில நேரம் இதே மருந்தை நிறை பார்த்து அளந்து கொடுப்பார். அது வேறு, நாம் கையால் எடுத்துக் கொடுப்பது வேறு.

மற்ற வலி மருந்துகளும் அப்படித்தான். இபுபுரோபன், டைக்குளோபெனக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்து நாடுகளில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மாடுகளுக்கு டைக்குளோபெனக் ஊசி போட்டார்கள். மாட்டுக்கு வலி குறைந்தது. ஆனால் அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2004இல்தான் காரணம் வெளிவந்தது. 2006இல் இந்தியா மாடுகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தது. ஒரு உடம்புக்கு மருந்து, இன்னொரு உடம்புக்கு நஞ்சு.

சொறி பிடித்த நாய்க்கு வேஸ்ட் ஒயில் பூசுவதையும், உண்ணிக்குத் தோட்டத்துப் பூச்சி மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். நாய் தன் உடம்பைத் தானே நக்கும். மேலே பூசியது எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வைத்தியர் மருந்து தந்தால் கொடுக்கிற விதமும் முக்கியம். முதலில் நிறை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுக்கும் தராசு இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறுங்கள், தனியாக ஒரு தடவை ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். வில்லையைச் சோற்று உருண்டையிலோ மீன் துண்டிலோ வையுங்கள். மருந்தில்லாத உருண்டை ஒன்று முதலில், மருந்துள்ளது அடுத்து, மருந்தில்லாதது கடைசியில். வில்லையை நொறுக்கலாமா, பாலோடு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் சில மருந்துகள் பாலோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. பாணி மருந்தென்றால் தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாய் எழுந்து ஓடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் வரை கொடுங்கள். தவறி ஏதும் கொடுத்துவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து மட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.

இதை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். நாய் திடீரென்று விழுங்க முடியாமல், தாடை தொங்கி, எச்சில் வடிய நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியது என்று நினைத்துக் கையை உள்ளே விடாதீர்கள். மருந்து கொடுக்கவும் போகாதீர்கள். அது விசர் நோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். நாய்க்குப் போடும் விசர் தடுப்பூசியும் இலவசம்தான். எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்கலாம்.

"முஸ்லிம் டீச்சருக்கு நாய்க் கதை எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண்ணோடு என்று மதரசாவில் ஓதியவர்கள்தான் நாங்கள். தாகத்தில் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியையும் அதே மதரசாவில்தான் ஓதினோம். சுத்தம் ஒரு சட்டம், இரக்கம் ஒரு சட்டம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

ஆனால் "கேளுங்கள்" என்று சொல்வது எங்களுக்கு லேசு. மிருக வைத்தியர் இருப்பது டவுனில். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவுக்குக் காசு வேண்டும், அன்றைய பேரும் போய்விடும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மலைக்கு மேலே உள்ள லயங்களில் இதுதான் நிலைமை. தெரியாமை பாதி, தூரம் பாதி.

அதனால் எங்கள் யோசனை இது. தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்களுக்காகக் கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரும் நாட்கள் உண்டு. அந்த நாளிலேயே பிரட்டுக்களத்தில் ஒரு மணித்தியாலம் நாய்களையும் பார்க்கச் சொல்லிக் கேட்போம். கோவில் கமிட்டி, பள்ளிவாசல் நிர்வாகம், தோட்டத் தலைவர்மார், பள்ளிக்கூடம் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் தட்டிவிட மாட்டார்கள். தமிழிலும் சிங்களத்திலும் கடிதத்தை எழுதித் தருவது எங்கள் பொறுப்பு. அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் பிள்ளைகளை வைத்தே எழுதி ஒட்டுவோம்.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள்தான். கேட்காமல் கொடுக்கும் மருந்தை விட, நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டு ஒரு கோல் எடுப்பது மேல்.

அந்தப் பிள்ளை நேற்று எங்களிடம் கேட்டான்: "டீச்சர், வேற குட்டி எடுத்தா, காய்ச்சல் வந்தா யார்கிட்ட கேக்கிறது?" அவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். கையெழுத்து வைக்க விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள்.