சர்க்கரை நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி

திண்டுக்கல்லில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். கடைக்கு வரும் நடுத்தர வயது ஆண்களில் சிலர் முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டை கேட்பார்கள். காசு கொடுத்த பிறகும் போக மாட்டார்கள், ஓரமாக நிற்பார்கள். கூட்டம் கலைந்து, கடையில் வேலை பார்க்கும் பெண் சரக்கு எடுக்க உள்ளே போனதும், குரலை இறக்கி, “அண்ணே, அந்த மாத்திரை இருக்கா?” என்பார்கள்.

எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும். அதனால் நான் பதிலுக்குக் கேட்கிறேன்: “சுகர் இருக்கா? நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?” பலருக்குச் சுகர் இருக்கிறது. மாதாமாதம் மெட்ஃபார்மின் வாங்குகிறவர்கள்தான். “டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?” என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “அவரு கேக்கலையேண்ணே. பத்துப் பேர் நிக்கிற இடத்துல நானா எப்படிச் சொல்றது?”

அந்தப் பதிலில் இருக்கும் நியாயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். விறைப்புத்தன்மைக் குறைபாடு ஒரு நோய்க்குறி. கால் மரத்துப்போவதையும் கண் மங்குவதையும் சர்க்கரை நோயாளியிடம் விசாரிக்கிற மருத்துவர், இதையும் விசாரிக்க வேண்டும். நோயாளியே வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் என் கடைக்கோ, போலி வைத்தியரிடமோதான் போய் நிற்பார்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. மனதில் கிளர்ச்சி எழும்போது நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அதனால் குழாய்கள் தளர்ந்து விரிய, ரத்தம் பாய்ந்து அங்கேயே தேங்கி நிற்கிறது. பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை அந்த நரம்பையும் கெடுக்கிறது, உட்சுவரையும் கெடுக்கிறது. புகையும் ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் கூடச் சேர்ந்தால் சேதம் இரட்டிக்கும்.

ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே நோய் பரவும்போது சின்னக் குழாய்தான் முதலில் திணறும். அதனால்தான் பலருக்கு விறைப்புக் குறைந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் நெஞ்சு வலி தலைகாட்டுகிறது. ஆக, இதை மருத்துவரிடம் சொல்கிறவர் தன் இதயத்தைப் பரிசோதிக்கவும் நேரம் இருக்கும்போதே வழி செய்துகொள்கிறார். என்னிடம் ரகசியமாக ஒரு மாத்திரை வாங்கிப் போகிறவருக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

இது நாலு பேருக்கு மட்டும் வந்த துன்பமும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி, 1994இல் வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட முன்னதாகவே வருகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது ஐ.சி.எம்.ஆர். நிதியில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு. எத்தனை வீடுகளில் இந்த மௌனம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிகிச்சை இருக்கிறது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலிக்கென்று சோதிக்கப்பட்ட சில்டெனாஃபில், 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இந்தக் குறைபாட்டுக்கு அனுமதி பெற்றது. இன்று இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆசை எழாமல் மாத்திரை மட்டும் விறைப்பைத் தந்துவிடாது. ஒருமுறை போட்டுப் பார்த்து “கேக்கலண்ணே” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சரியான அளவில், சரியான முறையில் சில தடவை முயன்ற பிறகே முடிவுக்கு வர வேண்டும். டாடலாஃபில் என்ற இன்னொரு மாத்திரையின் பலன் ஒன்றரை நாள் வரை இருக்கும்.

ஓர் எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. நெஞ்சு வலிக்காக நைட்ரேட் வகை மருந்து, அதாவது சார்பிட்ரேட் போன்றவை, எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நான் கடையில் அந்தக் கேள்வியை விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிட பம்ப், உறுப்பிலேயே போடும் ஊசி, கடைசியாக அறுவை சிகிச்சையில் பொருத்தும் சாதனம் என்று சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர்களிடம் அடுத்தடுத்த வழிகள் உண்டு. உடல் எடையைக் குறைப்பதும், தினமும் நடப்பதும், பீடி சிகரெட்டை விடுவதும் குழாய்களையே சீராக்கும். சிலருக்குக் காரணம் அவர்கள் சாப்பிடும் மாத்திரையாகவும் இருக்கலாம். அட்டெனலால் போன்ற சில பி.பி. மருந்துகளும், மன அழுத்தத்துக்கான சில மருந்துகளும் இப்படிச் செய்யும். யாரிடமும் கேட்காமல் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நான் பார்க்கிறேன். மாதம் தவறாமல் வாங்கியவர் திடீரென்று வாங்காமல் போவார். இது பக்கவாதத்தைக் கூப்பிட்டு வரும் வேலை. மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து மாற்றித் தருவார்.

இளைஞர்களின் கதை வேறு. கல்யாணமான புதிதில் பயத்தால் ஒருமுறை தடுமாறி, அந்தப் பயமே அடுத்த முறையும் தடுமாற வைக்கிறது. காலையில் எழும்போது விறைப்பு இயல்பாக இருந்தால் பெரும்பாலும் உடம்பில் கோளாறு இல்லை. அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவரின் ஆலோசனை. ஆனால் அவர்கள் கண்ணில் படுவது, மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி ‘நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவுக்கு நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் செய்கிறவர்கள். இப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொருள்களில் சில்டெனாஃபிலை மறைத்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இதய நோயாளி ஒருவர் லேகியம்தானே என்று அப்படி ஒன்றைச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பணியைச் செய்கிற பெண் தன்னார்வலர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஐம்பது வயது ஆண், மகள் வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்ல மாட்டார். எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது, திரைக்குப் பின்னால் தனியாக, மருத்துவரே கேட்கட்டும்: “தாம்பத்தியத்தில் சிரமம் ஏதும் இருக்கிறதா?” நோயாளியின் பதிவேட்டில் கண், கால், சிறுநீரகம் என்று எழுதும் இடத்தில் இதற்கும் ஒரு கட்டம் போடலாம். இதற்குப் புதிய கருவி வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.

மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். மனைவிமார்களும், கணவர் ஒதுங்கிப்போவதை உங்கள்மீது வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், அடுத்த பரிசோதனைக்குக் கூடப் போங்கள். அங்கே சர்க்கரை அளவோடு சேர்த்து இதையும் சொல்லி, இதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.