சின்ன பெட்டரி இறங்கினால் பெரிய பெட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்கு ஒரு வாகனம் எடுத்துக் கொடுத்தவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நம்மட ஊர் வீதியில் இன்று கண்ணில் படுகிற கார்களைப் பாருங்கள். அக்குவா, பிரியஸ், எக்ஸியோ ஹைப்ரிட், வெசல், வேகன் ஆர். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக நிற்கும், புறப்பட்டால் தானாக எழும்பும் வாகனங்கள்தான் அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பவும் வழிவிட்டது 2025 பெப்ரவரியில். அதற்கிடையில் இருந்த வாகனங்கள் எல்லாம் ஐந்து வயது கூடிவிட்டன. கூடிய வயதோடு வருகிற முதல் தலையிடி 12 வோல்ட் பெட்டரி. கராஜில் "ஒக்ஸிலரி பெட்டரி" என்று சொல்வார்கள். நான் இங்கே சின்ன பெட்டரி என்றே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சின்ன பெட்டரி விஷயத்தில் நம்மட ஆட்கள் இரண்டு விதமாக நட்டப்படுகிறார்கள். ஒன்று, பயத்தில் தேவையில்லாததற்கு இலட்சங்களைக் கொடுக்கிறார்கள். மற்றது, ஆசையில் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கப் போய் பொருத்தமில்லாத பெட்டரியைப் போடுகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

போன மாதம் என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் வாப்பாவுக்கு நடந்தது இது. சுபஹுக்குப் பிறகு அக்குவாவை எடுக்கப் போயிருக்கிறார். பட்டனை அழுத்தினால் டாஷ்போட் கல்யாண வீடு மாதிரி மின்னுகிறது. பிரேக் லைட், முக்கோண லைட், இன்னும் என்னென்னவோ. "ரெடி" மட்டும் வரவில்லை. ஒரு கராஜில் இருந்து வந்து பார்த்தவர்கள் ஸ்கேனரைப் போட்டார்கள். வரிசையாகப் பல கோட் விழுந்தது. "ஹைப்ரிட் பெட்டரி முடிஞ்சுது, அட்வான்ஸ் தாங்க, கொழும்பிலிருந்து எடுப்பம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதர் பிள்ளைகளின் உம்மாவின் நகையை ஈடு வைக்கிற யோசனைக்கே போய்விட்டார். பக்கத்து வீட்டு வயரிங் பாஸ் பின்னேரம் வந்து மீட்டர் பிடித்தார். சின்ன பெட்டரி 11 வோல்ட்டுக்கும் குறைவு. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தவுடன் "ரெடி" வந்தது. சின்ன பெட்டரியை மாற்றி, கோட்களை அழித்தார். அன்று தொட்டு வாகனம் ஓடுகிறது. அந்தக் கராஜ் எது என்று கொமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஏமாற்றினார்களா, தெரியாமல் சொன்னார்களா? அதை அல்லாஹ் அறிவான். ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அக்குவாவில் பெரிய பெட்டரி 144 வோல்ட். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட். இன்ஜினைச் சுழற்றி எழுப்புவது இந்தப் பெரிய பெட்டரியின் கரண்ட்தான். சின்ன பெட்டரி செல்ஃப் அடிப்பதே இல்லை. அதன் வேலை கம்பியூட்டர்களை எழுப்புவது, பெரிய பெட்டரியை இணைக்கிற ரிலேயை மூட வைப்பது, கதவு லொக், லைட், பிரேக் பம்ப் போன்றவற்றுக்குக் கரண்ட் கொடுப்பது. பெரிய பெட்டரியை ஒரு பெரிய வீடு என்றால் சின்னது அதன் சாவி. சாவி வளைந்துபோனால் வீடு இடிந்துவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

பழைய காரில் பெட்டரி இறங்கினால் செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கும். நமக்கு முன்கூட்டியே விளங்கிவிடும். ஹைப்ரிட்டில் அந்த அறிவிப்பு கிடையாது. கம்பியூட்டரை எழுப்ப வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கரண்ட் இருந்தாலே வாகனம் ஓடும். நேற்று இரவு வரை ஒரு குறையும் இருக்காது, இன்று காலை ஒன்றும் வேலை செய்யாது. அதுவும் முழுதாகச் சாகாமல் அரை உயிராக நிற்கும்போதுதான் பிரச்சினை. வோல்ட் குறைந்தால் கம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் தடுமாறி, இல்லாத பழுதுகளையும் பதிந்து வைக்கும். அந்த நேரத்தில் ஸ்கேனர் போட்டால் பட்டியல் நீளமாகத்தான் வரும். ஆகவே ஸ்கேனர் கையில் எடுத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "12 வோல்ட் எவ்வளவு காட்டுது?" அதைப் பார்க்காதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பெரிய பெட்டரி பழுதாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து வயது தாண்டியவற்றில் பழுதாகத்தான் செய்யும். சார்ஜ் கோடுகள் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும், இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பின் சீட் பக்கமுள்ள பெட்டரி ஃபேன் இரைச்சலிடும். அப்படியானால் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். சின்ன பெட்டரி நல்ல நிலையில் இருக்கும்போதும் அதே கோட் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

வேகன் ஆர் கதை வேறு. அதில் ஐடில் ஸ்டொப் இருக்கிறது. கொழும்பில் காலி வீதியில் ஒரு காலை நேரம் போனால் இன்ஜின் எத்தனை தடவை நின்று எழும்பும் என்று எண்ணிப் பாருங்கள். நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஏசி ஃபேன், லைட், வைப்பர், ரேடியோ எல்லாம் பெட்டரியை உறிஞ்சும். பிறகு இன்ஜினை எழுப்ப வேண்டும். சாதாரண பெட்டரி எப்போதும் நிறைந்தே இருப்பதற்காகச் செய்யப்பட்டது. பாதி இறங்கிப் பாதி ஏறுகிற வாழ்க்கையை அது தாங்காது. அதனால்தான் ஈ.எஃப்.பி., ஏ.ஜி.எம். என்று வேறு வகைகள் வந்தன. அவற்றின் விலை கூட. கூடுவதற்குக் காரணமும் இருக்கிறது.

ஐடில் ஸ்டொப் வாகனத்தில் பெட்டரி பலவீனமானால் முதல் அறிகுறி, இன்ஜின் சிக்னலில் நிற்காமல் விடுவது. கம்பியூட்டர் "திரும்ப எழுப்பப் போதுமான கரண்ட் இல்லை" என்று தானே முடிவெடுக்கிறது. ஏசி கடுமையாக ஓடினாலும் நிற்காமல் இருக்கலாம், அது பழுதல்ல. ஆனால் வாரக்கணக்காக ஒரு தடவையும் நிற்கவில்லை என்றால் வாகனம் உங்களோடு பேசுகிறது. நம்மட ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "கரைச்சல் விட்டுது" என்று சந்தோஷப்படுகிறார்கள்! இரண்டு மாதம் கழித்து பதியத்தலாவையில் நடுச்சாமத்தில் குடும்பத்தோடு நிற்கும்போதுதான் அந்தக் கரைச்சல் என்னவென்று விளங்குகிறது.

"ஐடில் ஸ்டொப்பை ஓஃப் பண்ணிட்டு சாதாரண பெட்டரி போட்டா என்ன சேர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை போய் வருகிறவருக்கு எத்தனை சிக்னல் இருக்கிறது, எவ்வளவு பெற்றோல் மிச்சமாகப் போகிறது? ஆனால் அந்த பட்டனைப் பொதுவாக ஒவ்வொரு தடவையும் வாகனம் எடுக்கும்போது அழுத்த வேண்டும். வீட்டில் மூன்று பேர் ஓட்டுகிற வாகனத்தில் அது நடக்கிற காரியமா? இன்னொன்று, இந்த வாகனங்களில் சார்ஜ் ஏற்றுகிற முறையும் வித்தியாசம். ஓல்டனேட்டர் எந்நேரமும் ஏற்றாது. பிரேக் பிடிக்கும்போது, வேகம் குறையும்போதுதான் அதிகமாக ஏற்றும். சாதாரண பெட்டரி அங்கேயும் அடிபடும். தெரிந்துகொண்டு போடுவதென்றால் போடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்று சொன்னார் என்பதற்காகப் போடாதீர்கள்.

எதை வாங்குவது என்பதற்கு, உங்கள் வாகனத்தில் ஜப்பானிலிருந்து வந்த பெட்டரியின் மேலுள்ள எழுத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். எம்-42, என்-55, கியூ-85 என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருந்தால் அது ஐடில் ஸ்டொப்புக்கான வகை. 46பி24 என்பது போலிருந்தால் சாதாரண வகை. அதில் 24 என்பது நீளம், சென்ரிமீட்டரில். கடைசியில் வருகிற ஆர் அல்லது எல், முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது. அது மாறினால் கேபிள் எட்டாது, எட்ட வைக்க இழுத்துக் கட்டுவார்கள், முனை மெல்லியதென்றால் கம்பியும் சுற்றுவார்கள். பாதிப் பழுது அந்தக் கம்பியிலிருந்துதான் தொடங்குகிறது.

அக்குவா, பிரியஸ்காரர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். அக்குவாவில் சின்ன பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே. பிரியஸில் டிக்கிக்குள். அதாவது ஆட்கள் மூச்சு விடுகிற இடத்துக்குள். சார்ஜ் ஏறும்போது வருகிற வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதை ஒரு சின்னக் குழாய் வாகனத்துக்கு வெளியே கொண்டு போகும். எஸ்34பி20ஆர், எஸ்46பி24ஆர் என்று எஸ் எழுத்தில் தொடங்குகிற பெட்டரிகள் இதற்காக வந்தவை. குழாய் பூட்ட இடமில்லாத சாதாரண பெட்டரியை அங்கே வைப்பது, பின் சீட்டில் உட்காருகிற நம்மட பிள்ளைகளுக்குக் கீழே ஆபத்தை வைப்பது. புதிய பெட்டரி பூட்டி முடித்தவுடன் "குழாய் பூட்டினீங்களா, காட்டுங்க" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பிரியஸில் ஒரு வேடிக்கையும் உண்டு. சின்ன பெட்டரி டிக்கிக்குள், டிக்கி திறப்பதோ கரண்டில். பெட்டரி செத்தால் டிக்கி திறக்காது, திறக்காமல் பெட்டரியைத் தொடவும் முடியாது! அதற்காகத்தான் போனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுக்கிற பொசிட்டிவ் முனை வைத்திருக்கிறார்கள். கதவே திறக்காவிட்டால் ஸ்மார்ட் கீக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. இன்று இரவே எடுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும் காட்டுங்கள்.

ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறினால் ஃபியூஸோடு தப்பினால் அதிர்ஷ்டம், இன்வேர்ட்டர் பக்கம் போனால் கதை இலட்சம். இருட்டில், அவசரத்தில், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போதுதான் இது நடக்கும். ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் போன் வெளிச்சம் பிடியுங்கள். உங்கள் அக்குவாவிலிருந்து கரண்ட் எடுத்து ஒரு கே.டி.எச். வேனையோ லொறியையோ ஸ்டார்ட் பண்ணக் கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு உதவி செய்யுங்கள். டீசல் இன்ஜின் செல்ஃப் இழுக்கிற கரண்டுக்கு அந்தச் சின்ன பெட்டரி செய்யப்படவில்லை. செம்மஞ்சள் நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம், அது பெரிய பெட்டரியின் வழி.

பெட்டரி ஏன் இறங்குகிறது என்பதையும் தேடுங்கள். 2020 ஊரடங்கிலும், 2022 பெற்றோல் வரிசைக் காலத்திலும் வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றன. அப்போது எத்தனை பெட்டரிகள் போயின என்று நமக்கு நினைவிருக்கிறது. இப்போது அப்படி நிற்கவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால், பிறகு பூட்டிய சாமான்களைப் பாருங்கள். டாஷ் கேமரா, அலாரம், லீசிங் கம்பனி வைத்த ட்ரக்கர், மகன் பூட்டிய பூம் பூம் பெட்டி. நிறுத்திய வாகனம் 50 மில்லி அம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் எங்கோ ஒழுகுகிறது. புதிய பெட்டரி போட்டாலும் ஒழுகல் ஒழுகல்தான். நம்மட கடற்கரை உப்புக் காற்றில் முனைகளில் வெள்ளை, பச்சைத் தூள் வேறு பிடிக்கும். அதைத் துடைத்து இறுக்கினாலே சரியாகிற வாகனங்களும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் வாகனத்தை வாரத்தில் ஒரு தடவை ஐந்து நிமிடம் "சும்மா ஸ்டார்ட் பண்ணி" வைப்பது போதாது. "ரெடி"யில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஓட்டிவிட்டு வாருங்கள். மூடிய கராஜுக்குள் அதைச் செய்யாதீர்கள், இன்ஜின் தானாக எழும்பும், புகை உள்ளே நிற்கும்.

புதிய பெட்டரி போட்ட பிறகும் சில வாகனங்களில் ஐடில் ஸ்டொப் உடனே வேலை செய்யாது. பெட்டரி மாறியதைக் கம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதை ரிசெட் என்பார்கள். அது செய்யாமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பழைய பெட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வளவில் உடைத்து அசிட்டைக் கானில் ஊற்றி ஈயம் எடுக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். ஈயத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வகுப்பில் நாங்கள் எவ்வளவு கத்தினாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

அளப்பது பெரிய வித்தையல்ல. இரவு நிறுத்திய வாகனத்தைக் காலையில் எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். பிரியஸில் போனட்டுக்குள் இருக்கிற அந்த முனையிலேயே அளக்கலாம். 12.6 அளவில் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிப் பார்த்து, திரும்பவும் இறங்கினால் மாற்றுங்கள். "ரெடி"யில் வைத்து அளந்தால் ஹைப்ரிட்டில் 14க்குக் கிட்ட காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பெட்டரியை மாற்றியும் பலனில்லை, அது சார்ஜ் ஏற்றுகிற பக்கத்துப் பழுது.

ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து அளந்தால் கூடத்தான் காட்டும், ஆகவே வாகனத்தைக் கொண்டு வராதீர்கள். மல்டிமீட்டர் என்னிடம் இரண்டு இருக்கிறது. தேவையானவர்கள் இஷாவுக்குப் பிறகு வந்து வாங்கிப் போங்கள், சுபஹுக்குப் பிறகு அளந்துவிட்டு 7 மணிக்கு முன் திருப்பித் தாருங்கள். தரம் 10 பிள்ளைகளுக்கு மின்னியல் பாடம் போய்க்கொண்டிருக்கிறது, மீட்டர் வகுப்புக்கு வேண்டும்.